தலைக்காயம் ஆறிய பின்னும்...



ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால், எங்கள் தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் வழியெங்கும் வாகன நெரிசல்தான். அருவிக்கரைப் பாறைகளில் பாசி வழுக்கி விழுவோரும், ஈரச் சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுவோரும் ஆண்டுதோறும் உண்டு. தலையில் அடிபட்டவரை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்கிறோம். ஸ்கேன் எடுத்து, தையல் போட்டு, சில நாள் வைத்திருந்து அனுப்புகிறார்கள். "அல்ஹம்துலில்லாஹ், வந்த முஸீபத்து நீங்கிற்று" என்று நிம்மதி அடைகிறோம்.

இறைவனுக்கு நன்றி செலுத்துவது கடமையே. ஆயினும் அத்துடன் நம் கவனமும் ஓய்ந்துவிடலாகாது. மூளையில் அடிபட்டவருக்குப் பின்னாளில் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

நான் மருத்துவம் பயின்றவனல்லன். கலைக் கல்லூரியில் படித்துவிட்டு மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவன். மருத்துவ அறிஞர்கள் கண்டதையே எடுத்துரைக்கிறேன். தைவான் நாட்டில் மூளைக்காயம் பட்ட 23,000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2011இல் முடிவை வெளியிட்டனர். முதல் 3 மாதங்களில் அவர்களுள் 100க்கு ஏறத்தாழ 3 பேருக்குப் பக்கவாதம் வந்தது. அடிபடாதவர்களிலோ 1,000க்கு 3 பேருக்கே வந்தது. நாளடைவில் அபாயம் குறைந்தபோதிலும், 5 ஆண்டுகளுக்குப் பின்னும் இரு மடங்குக்கு மேலாகவே இருந்தது. பெரும்பாலோருக்கு வருவதில்லை என்பதையும் இக்கணக்கே காட்டுகிறது. ஆகவே அஞ்ச வேண்டியதில்லை, அலட்சியம்தான் கூடாது.

காரணம் என்ன? அடியின் வேகத்தில் மூளைக்கோ கழுத்துக்கோ செல்லும் இரத்தக் குழாயின் உட்சுவர் கிழியலாம். அங்கே இரத்தம் உறைந்து அடைப்பு உண்டாகலாம். பலவீனமான குழாய் வெடித்து இரத்தம் கசியவும் கூடும். இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் புகைப்பழக்கமும் சேர்ந்தால் ஆபத்து மேலும் வளரும்.

ஒரு நாள் சுபுஹுத் தொழுகைக்குப் பின் இளைஞர் ஒருவர் செம்புடன் ஓடி வந்தார். "ஹஜ்ரத், வாப்பாவுக்கு வாய் கோணிவிட்டது, பேச்சும் குழறுகிறது. தண்ணீர் ஓதித் தாருங்கள்" என்றார். இரண்டு மாதங்களுக்கு முன் அப்பெரியவர் வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டிருந்தது என் நினைவுக்கு வந்தது. "துஆ செய்கிறேன் தம்பி. முதலில் 108க்குச் சொல்லுங்கள். வாப்பாவின் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றிவிடாதீர்கள்" என்றேன். பக்கவாதம் தாக்கியவருக்கு விழுங்கும் சக்தி குன்றியிருக்கலாம். ஊற்றும் நீர் நுரையீரலுக்குள் போய்விடலாம். ஓதிய நீரானாலும் அப்படித்தான். அல்லாஹ்வின் அருளால் அப்பெரியவர் இன்று கைத்தடி ஊன்றிப் பள்ளிக்கு வருகிறார்.

தாய்மார்களே, இதை மனத்தில் இருத்துங்கள்: முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் தளர்ந்தால், பேச்சு குழறினால், ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அடைப்பா, கசிவா என்பதை ஸ்கேன் பார்த்தே அறிய முடியும்; எனவே நாமாக எந்த மாத்திரையும் கொடுக்கலாகாது. எண்ணெய் தேய்ப்பதும் அருவிக் குளியலும் அந்நேரத்தில் மருத்துவமாகா.

தலையில் அடிபட்டவர் வீட்டிலிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேனும் அவருக்கு இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் தவறாமல் பார்த்து வாருங்கள். எந்த மருத்துவரிடம் சென்றாலும் பழைய தலைக்காயத்தைச் சொல்லுங்கள். ரமலான் வந்துவிட்டதென்று மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நோயாளிக்கு நோன்பில் சலுகை தந்த மார்க்கம் நம்முடையது. மகன் வண்டி எடுக்கும்போது தலைக்கவசத்தை நீங்களே எடுத்துக் கையில் கொடுங்கள்.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். மருந்தும் முயற்சியும் நம் பொறுப்பு. ஷிஃபா அளிப்பவன் அவனே. நம் இல்லங்கள் அனைத்திற்கும் அவன் ஆரோக்கியத்தை அருள்வானாக, ஆமீன்!