பன்னிரண்டைக் கூட்டிய பாவம்

கணக்கு புரியாதபோது, காதுக்குச் சரியாகப் படும்வரை எண்ணை மாற்றிக்கொண்டே போவது என் வழக்கம். வெளியே இதற்கு 'டியூனிங்' என்று பெயர் சொல்லிவைத்திருந்தேன்.

சுருதிக் கட்டையைக் கொடுத்தால் ராகத்தின் ஆரோகணத்தை வாசிக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதியபோதும் அதையே செய்தேன். மின்னணு இசைக் கருவிகளின் மொழியான மிடியில் ஸ்வரம் என்பது 0 முதல் 127 வரை ஓர் எண், அவ்வளவுதான். பியானோவின் நடு சி 60. ஒரு ஸ்தாயி ஏறினால் 12 கூடும். ஒரு கட்டை மோகனம் என்றால் 60, 62, 64, 67, 69, மேல் ஸட்ஜம் 72. நானோ ஒவ்வொரு ஸ்வரத்தையும் 12ஆல் வகுத்து, மீதியோடு ஸட்ஜத்தின் ஸ்தாயியை ஒட்டினேன். மேல் ஸட்ஜம் மறுபடி 60க்கே வந்து நின்றது. காரணம் தேடவில்லை, அதற்கு மட்டும் 12 கூட்டினேன்.

தோழி ஒருவர் பாடகி, ஐந்து கட்டை, அதாவது ஜி. 55, 57, 59 என்று ஒழுங்காக ஏறிய மோகனம், பஞ்சமத்தில் 62க்குப் போகாமல் 50க்குக் குப்புற விழுந்தது. பஞ்சமத்துக்கும் தைவதத்துக்கும் 12 கூட்டினேன். ஆறு கட்டையில் காந்தாரமே விழுந்தது. அதற்கும் ஒரு 'இஃப்' நிபந்தனை. பாடகருக்கு ஸ்தாயி அவருடைய ஸட்ஜத்தில் தொடங்குகிறது. விசைப்பலகையிலோ ஸ்தாயி எண் சியில்தான் மாறுகிறது. 59 என்பது பி3, அடுத்த 60 சி4. இது தெரியாமலே எத்தனை 'இஃப்'!

"ஏன் இப்படி விழுகிறது?" என்று தோழி கேட்டார். நடு சியை யமஹா சி3 என்கிறது, பலர் சி4 என்கிறார்கள், அந்தக் குழப்பம்தான் என்றேன். தகவல் உண்மை, பதில் பொய். அந்தக் குழப்பத்தால் மொத்த ராகமும் ஒரு ஸ்தாயி தள்ளிப்போகுமே தவிர, நடுவில் ஒடியாது. எனக்கு அது அப்போதே தெரியும்.

வேண்டியிருந்தது ஒரே வரி. ஸ்தாயியோடு 1 கூட்டி, 12ஆல் பெருக்கி, கட்டை சியிலிருந்து எத்தனை அரைஸ்வரம் தள்ளியிருக்கிறதோ அந்த எண்ணைச் சேர்த்தால் ஸட்ஜம். ஜி3க்கு 4×12+7, அதாவது 55. பிறகு மோகனத்தின் 0, 2, 4, 7, 9, 12 ஆகியவற்றை அதன்மேல் கூட்டினால் போதும்; வகுத்தலே வேண்டாம். எழுதினேன், எல்லா 'இஃப்'பும் போயின.

அவரிடம் மட்டும் சொல்லவில்லை. சி3, சி4 விளக்கத்தை அவர் தன் மாணவிகளுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டாராம்.