கொலுசு கறுத்தது என்னால்

என் தங்கச்சியின் கொலுசு கறுத்ததற்கு நான் செய்த பெட்டிதான் காரணம். அதை வெளியே சொல்லாமல், கொலுசு செய்த ஆசாரி மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பழைய வெள்ளியை எடுத்துக்கொண்டு செம்பைக் கலந்துவிட்டார் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டிலும் பேசினார்கள். அவர் எதையும் கலக்கவில்லை.

நோர்வூட்டில் மரவேலை செய்கிறேன். ஊரில் பாஸ் என்று கூப்பிடுவார்கள். கதவு, ஜன்னல், அலுமாரி செய்து பழகிய கைக்கு நகையும் கைக்கடிகாரமும் வைக்கிற ஒரு சின்னப் பெட்டி பெரிய வேலை இல்லை. கல்யாணம் ஆவணியில். ஆனி மாதம்தான் பலகையைத் தொட்டேன். கெஹெல்கமு ஓயா கரை முட்ட ஓடுகிற மழைக்காலம். தேயிலைக்கு நிழலாக நின்ற கிரவில்லியா மரம், அப்போதுதான் அறுத்தது. இழைப்புளி போட்டால் சுருள் உதிராமல் வாயில் அடைத்துக்கொண்டது, விரலில் ஈரம் பட்டது. ஒரு அங்குலப் பலகை காற்றில் காய ஒரு வருடம் வேண்டும் என்பது உளி பிடிக்கும் முன்பே எனக்குச் சொல்லித் தந்த கணக்கு. எங்கள் பக்கத்து மழைக்கு அதுவும் போதாது. காய்ந்த மகோகனி வாங்கியிருக்கலாம். காசை மிச்சம் பிடிக்க நினைத்தேன். கிரவில்லியாவை ஒரு வாட்டமாக அறுத்தால் ரேகைகள் பட்டுப்போல மினுங்கும், அந்த மினுக்கத்திலும் மயங்கிவிட்டேன். “நல்லா காஞ்ச பலகைம்மா” என்று அம்மாவிடம் சொன்னேன். முதல் பொய் அது.

வீட்டில் ஏற்கெனவே ஒரு பெட்டி இருந்தது. தேயிலை ஸ்டோரில் வேலை செய்த அப்பா, உடைந்துபோன தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகையில் செய்தது. இன்றைக்குத் தேயிலை காகித மூட்டையில் போகிறது. அன்று மெல்லிய பலகைப் பெட்டியில், விளிம்புக்குத் தகரப் பட்டி அடித்து, உள்ளே அலுமினியத் தாள் விரித்துத்தான் கொழும்புக்கு அனுப்புவார்கள். நூற்றுக்கு மூன்று பங்கு ஈரம் வரை காயவைத்த தூள், பக்கத்தில் உள்ள ஈரத்தையும் வாசனையையும் உறிஞ்சிவிடும் என்பதால் அந்தத் தாள். அந்தப் பலகை சும்மா கிடைத்ததும் அல்ல. ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக 1972 முதல் 1977 வரை சிங்கராஜ வனத்துக்குள் இயந்திரம் இறக்கி மரம் வெட்டினார்கள். மக்கள் எதிர்த்த பிறகுதான் அது நின்றது. 1988இல் அந்த வனம் உலக மரபுரிமை ஆனது. அப்பா அந்தப் பலகையில் ஒரு துண்டையும் வீணாக்க மாட்டார். தாளை உரிக்காமல் பெட்டி அடித்தார். அதற்குள் வெள்ளைத் துணியில் சுற்றிக் கிடந்த பாட்டியின் தண்டை எத்தனையோ மழைக்குப் பிறகும் வெள்ளையாகவே இருந்தது. கல்யாணத்துக்கு வருகிறவர்கள் கண்ணில் அது படக்கூடாது என்று நினைத்தேன். உடைத்து அடுப்பில் வைத்தேன்.

அந்தத் தண்டையை அழித்துத்தான் கொலுசு செய்தார்கள். கூலி, அம்மாவின் சேமலாப நிதியிலிருந்து.

என் பெட்டிக்கு உள்ளே பழைய சிவப்புக் கம்பளிக் கோட்டு ஒன்றைக் கிழித்து, ரப்பர் பசை தடவி ஒட்டினேன். பார்க்கச் சிவப்பு வெல்வெட் மாதிரியே இருந்தது. கம்பளி ஆட்டு மயிர். அதில் கந்தகம் உண்டு, மயிர் கருகினால் வரும் நாற்றத்துக்குக் காரணமே அதுதான். மூடிய பெட்டிக்குள் ஈரமும் சேர்ந்தால் அந்தக் கந்தகம் வெள்ளியைப் பிடித்துக் கறுப்பாக்கிவிடும். பருத்தித் துணி போட்டிருந்தால் இவ்வளவு கேடு வந்திருக்காது. இது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. ஈரப் பலகை பற்றி அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. பலகை காயும்போது அகலத்தில்தான் சுருங்கும், நீளத்தில் இல்லை. அதனால்தான் மூடிப் பலகையைச் சட்டத்தின் காடிக்குள் பசையில்லாமல் விட வேண்டும். நானோ குறுக்கே ஒரு சட்டத்தைப் பசை வைத்து ஆணி அடித்து இறுக்கினேன். தைப்பொங்கலுக்குத் தங்கச்சி வந்தபோது மூடி நடுவில் வெடித்திருந்தது, பித்தளைக் கீல் பச்சை பூத்திருந்தது, மாப்பிள்ளையின் கடிகாரத் தோல்வாரில் பூஞ்சணம். கொலுசு தார் பூசியதுபோல.

அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஆசாரியிடம் போனார். அவர் சத்தம் போடவில்லை. சாமிப் படத்தடியில் இருந்த திருநீற்றை எடுத்து ஒரு கண்ணியை மட்டும் கட்டைவிரலால் தேய்த்தார். கொஞ்ச நேரம் பிடித்தது. கறுப்பு விரலில் ஏறியது, கண்ணி வெள்ளையாக வந்தது. அதை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்து, “எதுலம்மா வச்சிருந்தீங்க?” என்று கேட்டார்.

“எம் மகன் செஞ்ச பெட்டியிலதான்” என்றார் அம்மா. அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது.

ஆசாரி என்னைப் பார்த்தார். “பலகை காஞ்சதா தம்பி?”

“காஞ்சதுதான்” என்றேன்.

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அம்மா வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு இறங்கினார். அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்து ஆட்கள் அந்தக் கடைக்கு ஏறவில்லை. வேலை குறைந்து, அவர் கடையை விட்டுவிட்டு மகள் இருக்கும் மஸ்கெலியாவுக்குப் போய்விட்டார். கடையை மூடியதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். அதை வைத்து என்னைத் தேற்றிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

இப்போது தங்கச்சிக்கு வேறு பெட்டி செய்து கொடுத்துவிட்டேன். காய்ந்த பலாப் பலகை, உள்ளே வெளுத்த பருத்தி, மூடி காடிக்குள் அசைய இடம். கொடுத்தபோது நடந்ததைச் சொன்னேன். அவள் அழுதாள், பிறகு அம்மாவிடம் நீயே சொல்லு என்றாள். சொன்னேன். அம்மா பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை, அப்பாவின் பெட்டியை எரித்ததையும் கேட்கவில்லை.

“அன்னைக்கு அந்தக் கடையில நிக்கும்போதே ஒனக்குத் தெரியுமா?”

பலகை ஈரம் என்று தெரியும் என்றேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மஸ்கெலியாவுக்குப் போகிறோம். அம்மா கூட வருவார். பேச வேண்டியவன் நான்தான் என்று சொல்லிவிட்டார்.