மஞ்சள் காமாலை என்று சொன்ன நாட்கள்

எங்கள் வகுப்பில் என்னை மட்டும் எல்லோரும் "அண்ணா" என்று கூப்பிடுவார்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். அரியர் என்பான் ஒருத்தன், அடிதடி என்பான் இன்னொருத்தன், காதல் தோல்வி என்றும் ஒரு பேச்சு உண்டு. கடைசிக் கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது :-) ஆனால் உண்மை அது இல்லை. எனக்கு டி.பி. வந்தது. காசநோய். ஒரு வருடம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். அவ்வளவுதான்.

இந்த நாலு வரியைச் சொல்ல எனக்கு எவ்வளவு நாள் ஆனது என்பதுதான் இந்தப் பதிவு.

2023 ஆகஸ்டில், ஐந்தாவது செமஸ்டர் நடக்கும்போது இருமல் ஆரம்பித்தது. சென்னைத் தூசி என்று நினைத்து மருந்துக்கடையில் டானிக் வாங்கிக் குடித்தேன். அப்புறம் சாயங்காலக் காய்ச்சல். ராத்திரி வியர்வையில் தலையணை நனையும். ஆயுதபூஜை லீவுக்குக் காரைக்கால் வந்தபோது பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. அம்மா ஒன்றும் கேட்காமல் மறுநாளே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. முடிவு வந்த அன்றே மாத்திரை கொடுத்தார்கள். முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அடுத்த நாலு மாதம் மூன்று மருந்து. காசு கிடையாது. சத்தான சாப்பாட்டுக்கென்று மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் வேறு போட்டார்கள் (2024 நவம்பரிலிருந்து இது 1000 ரூபாய்).

கல்லூரிப் பக்கம் நிலைமை வேறு. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும். மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் 65 வரை விட்டுக்கொடுப்பார்கள். நான் அதற்கும் கீழே போய்விடுவேன் என்று கணக்குப் போட்டதும் தெரிந்தது. அதற்கும் விதியில் வழி இருக்கிறது. அதன் பெயர் "பிரேக் ஆஃப் ஸ்டடி". கடிதம் கொடுத்து ஒரு வருடம் விலகி, அடுத்த வருடம் அதே செமஸ்டரில் சேரலாம். நாலு வருடப் படிப்பை முடிக்க மொத்தம் ஏழு வருடம் அவகாசம் உண்டு. அப்பா போய்க் கடிதம் கொடுத்துவிட்டு வந்தார்.

தெருவில் இதற்கெல்லாம் வேறு பெயர். "படிப்ப நிறுத்திட்டாங்களா?" என்று கேட்பார்கள். திருநள்ளாறு பக்கத்திலேயே இருக்கிறதா, "ஏழரை நடக்குது போல, நள தீர்த்தத்துல ஒரு முழுக்குப் போட்டுட்டு வாங்க" என்பார்கள். இதற்கு நடுவில் டி.பி. என்று சொன்னால் தங்கச்சிக்கு வரன் பார்க்கும்போது கஷ்டம் என்று அம்மா பயந்தார். "மஞ்சக்காமாலைன்னு சொல்லிடு தம்பி. அதுக்கும் ரெஸ்ட்டுதான், பத்தியம்தான். யாரும் துருவிக் கேக்க மாட்டாங்க." எனக்கும் அது வசதியாக இருந்தது. மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். அதைப் பார்த்து, பொய்க்குச் சாட்சி கூட இருக்கிறதே என்று சிரித்துக்கொண்டேன்.

மருத்துவமனையிலிருந்து ஒரு அக்கா வீட்டுக்கு வந்து, "கூட இருந்தவங்க எல்லாரையும் சொல்லுங்க தம்பி, டெஸ்ட் பண்ணணும்" என்றார். அப்பா, அம்மா, தங்கச்சி என்று மூன்று பெயர் சொன்னேன். ஹாஸ்டலில் இரண்டு வருடம் பக்கத்துக் கட்டிலில் படுத்தவன் பெயரைச் சொல்லவில்லை. அவன் போன் பண்ணினபோதும் மஞ்சள் காமாலை என்றே சொன்னேன். "கீழாநெல்லி சாப்பிடுடா" என்றான்.

படுத்துக்கிடந்த நாட்களில் கணித மேதை ராமானுஜனைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் ஊர் கும்பகோணம். அந்த ஊர் வழியாக வரும் அரசலாறுதான் எங்கள் ஊரில் கடலில் கலக்கிறது. அவர் 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, சில மாதங்களிலேயே வயிற்றுக்கடுப்பு வந்து ஊர் திரும்பியவர் என்பது எனக்கு அதுவரை தெரியாது. 1907-ல் பரீட்சை எழுதிக் கணக்கில் மட்டும் தேறினார், மற்றதில் தோற்றார். 1914-ல் கேம்பிரிட்ஜ் போனார். 1917-ல் மறுபடி படுத்தார். இங்கிலாந்து டாக்டர்கள் பெரும்பாலும் டி.பி. என்றே நினைத்து சானடோரியங்களில் வைத்துப் பார்த்தார்கள். 1919-ல் ஊர் திரும்பி 1920-ல், 32 வயதில் இறந்தார்.

1994-ல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அது டி.பி.யாக இருந்திருக்காது, அமீபாக் கிருமியால் வரும் கல்லீரல் நோயாக இருக்கலாம் என்று எழுதினார். பழைய வயிற்றுக்கடுப்பின் மிச்சம். சரியாகக் கண்டுபிடித்திருந்தால் அந்தக் காலத்திலேயே வைத்தியம் இருந்திருக்கிறது.

இதைப் படித்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவருக்கு யாரோ தெரியாமல் தப்பான பெயர் வைத்தார்கள். நான் தெரிந்தே வைத்திருக்கிறேன். அவருக்கு இல்லாத டி.பி.யைச் சொன்னார்கள். நான் இருக்கிற டி.பி.யை மறைத்து, கல்லீரல் நோய் என்கிறேன். என் மாத்திரை சரியான மாத்திரைதான், எனக்குக் குணமாகிவிடும். ஆனால் பக்கத்துக் கட்டில்காரனுக்கு?

காலையில் போன் பண்ணி உண்மையைச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "மூணு வாரமா ஏன்டா சொல்லல? தீபாவளிக்கு ஊருக்குப் போயிட்டு வந்தேன்டா. வீட்ல பாட்டி இருக்காங்க" என்றான். போனை வைத்துவிட்டான்.

அவனுக்கும் பாட்டிக்கும் பரிசோதனை முடிந்து, இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை என்று செய்தி வர ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரம்தான் என் நோயிலேயே மோசமான நாட்கள். இருமல், காய்ச்சல் எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அப்புறம் ரொம்ப நாள் அவன் பேசவில்லை. 2024 ஏப்ரலில் மருந்து முடிந்தது. ஜூனில் மாங்கனித் திருவிழா, வாடா என்று தயங்கித் தயங்கி ஒரு மெசேஜ் அனுப்பினேன். வந்துவிட்டான்! கூட்டத்தில் நின்று, மாடியிலிருந்து இறைக்கிற மாம்பழத்தில் இரண்டைப் பிடித்தும் விட்டான். வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கும்போது எதிர்வீட்டு அத்தை, "மஞ்சக்காமாலை சுத்தமா போயிடுச்சாப்பா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "டி.பி.தான்க்கா வந்துச்சு. ஆறு மாசம் மாத்திரை, குணமாயிடுச்சு" என்றார். அத்தை "ஓ" என்றார். அப்புறம் மாம்பழம் எந்த ஊர் என்று பேச்சு மாறிவிட்டது. இதற்கா இவ்வளவு நாள் பயந்தோம் என்று இருந்தது.

ஜூலையில் மறுபடி ஐந்தாவது செமஸ்டரில் போய் உட்கார்ந்தேன். பாடம் புதிது இல்லை, முகங்கள்தான் புதிது. கேண்டீனில் பழைய பேட்ச் ஒரு மேஜை, புது பேட்ச் ஒரு மேஜை. எங்கே உட்காருவது என்று தெரியாமல் முதல் மாதம் தட்டோடு நின்றிருக்கிறேன். புது ரூம்மேட்டிடம் மட்டும் முதல் நாளே சொல்லிவிட்டேன். "சரி ண்ணா, ஃபேன் எந்தப் பக்கம் வேணும்?" என்று கேட்டான்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் டானிக்கை விட்டுவிட்டு சளிப் பரிசோதனை செய்யுங்கள். படிக்க முடியவில்லை என்றால், அட்டெண்டன்ஸ் போகும் முன்னாலேயே விதிப்புத்தகத்தைப் பாருங்கள், வழி இருக்கும். ஊருக்கு என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். பக்கத்துக் கட்டிலில் படுப்பவனிடம் மட்டும் நோயின் சரியான பெயரைச் சொல்லிவிடுங்கள்.