கல்லாவுக்கு அந்தப் பக்கம்

சொந்தத் தொழிலில் நம்மைக் கேள்வி கேட்க ஆள் கிடையாது. அந்தச் சுகத்துக்காகத்தான் பலரும் தொழிலுக்கே வருகிறார்கள். கடை நின்று நிலைத்த பிறகு அதுவே கண்ணை மறைக்கிறது.

வியாபாரம் மந்தம் என்று புலம்பிய என் அண்ணன் மகனிடம் இன்டெல் கம்பெனியின் கதையைச் சொன்னேன். 1968-இல் தொடங்கிய அந்தக் கம்பெனிக்குப் பெயர் வாங்கித் தந்தது மெமரி சிப். எண்பதுகளில் ஜப்பான்காரர்கள் அதே சரக்கை நல்ல தரத்தில், குறைந்த விலைக்கு இறக்கினார்கள். 1985-இல், நம்மை நீக்கிவிட்டுப் புது ஆளைப் போட்டால் அவர் என்ன செய்வார் என்று, கம்பெனியை நடத்திய இருவரில் ஒருவரான ஆண்டி குரோவ் மற்றவரான கார்டன் மூரிடம் கேட்டார். மெமரியைக் கைகழுவுவார் என்றார் மூர், தயங்காமல். அப்படியானால் நாமே வாசல்வரை போய்த் திரும்பி வந்து அதைச் செய்வோமே என்றார் குரோவ். மைக்ரோபிராசஸர் பக்கம் முழுதாகத் திரும்பினார்கள்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். மிச்சம் அவ்வளவு சுலபமாக இல்லை. விடை தெரிந்தும் அதை வாய்விட்டுச் சொல்லக் குரோவ் தடுமாறியிருக்கிறார். ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 1986-இல் 17 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். ஆனால் எந்த வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்தார்களோ, அவர்கள், இதை முடிவு செய்ய இவ்வளவு நாளா என்றுதான் கேட்டார்களாம்.

என் அண்ணன் மகனுடையது ஹார்டுவேர் கடை. ஜி.ஐ. என்கிற இரும்பு பைப் ரேக்கும், அந்தப் பைப்புக்கு மரை போடும் மெஷினும் பாதிக் கடையை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. வருகிற பிளம்பர்கள் கேட்பதோ சொல்யூஷன் தடவி ஒட்டுகிற சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப்பை. அது பின்பக்கச் சந்தில், சிமென்ட் மூட்டைகளுக்குப் பின்னால் கிடக்கிறது.

"நேத்து இந்தக் கடையை விலைக்கு வாங்கினவன் முதல்ல எதைத் தூக்கி வெளியே போடுவான்?" என்றேன்.

அவன் மெஷின்மேல் கை வைத்தான். "அப்பா வாங்கினது, சித்தப்பா."

"உங்க தாத்தா வச்சிருந்த வாளியையும் கயிறையும் கிணத்துச் சகடையையும் ஓரங்கட்டிட்டுத்தான்டா உங்கப்பா இதை வாங்கினார்."

மெஷினுக்கு என்ன விலை போகும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறானாம். பைப் ரேக்கைப் பற்றி இன்னும் பேச்சில்லை. நானும் கேட்கவில்லை.