பதினாலு நாள் லீவு

சிங்கப்பூரில் எனக்கு வருஷத்துக்குப் பதினாலு நாள் லீவு. வாட்ஸப்பில் கல்யாணப் பத்திரிகை வந்தால் நான் முதலில் பார்ப்பது பொண்ணு மாப்பிள்ளை பேரை இல்லை, தேதியை. பக்கத்தில் ஏதாவது அரசு விடுமுறை ஒட்டிக்கொண்டிருக்கிறதா? 2023இல் பாலி, 2024இல் இலங்கையில் பென்தோட்டை. இரண்டையும் இழுத்து இழுத்து ஆறு நாள் டூர் ஆக்கிக்கொண்டேன். மொய் தனி, ரூம் வாடகை தனி, அவர்கள் சொன்ன கலரில் சட்டை தனி. காலேஜ் கூட்டாளிகள் ஏழு பேரும் ஒன்றாக உட்காருவது இப்போதெல்லாம் எங்களில் யாராவது தாலி கட்டும்போதுதான். அதனால் கணக்குப் பார்க்கத் தோன்றியதில்லை.

மூன்றாவது கல்யாணம் 2025 மே மாதம், கொடைக்கானலில். மதுரையில் இறங்கி நேராக மேலே, நாலாம் நாள் நேராக ஏர்போர்ட். நடுவில் வத்தலக்குண்டு வரும். அங்கேதான் என் வீடு. அம்மா தனியாக இருக்கிறாள். திரும்பும்போது ஒரு மதியச் சாப்பாடு என்று போனில் சொன்னேன். அம்மா கோபப்படவில்லை.

"அப்ப சோறு எத்தன மணிக்கு வடிக்கணும்ப்பா?"

அந்தக் கேள்வி ரெண்டு நாள் காதிலேயே கிடந்தது.

கொடைக்கு வண்டியில் போக இ-பாஸ் எடுக்க வேண்டியிருந்தது. ஐகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வந்த ஏற்பாடு. 2025 சீசனில் சாதாரண நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று வரம்பும் வைத்திருந்தார்கள். அந்த ஃபார்மில் எத்தனை பேர் என்று ஒரு கட்டம். ஒன்று என்று போட்டிருந்ததை அழித்து இரண்டு என்று போட்டேன். பத்திரிகையில் உடன் ஒருவரை அழைத்து வரலாம் என்று இருந்தது. அது அம்மாவாக இருக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

அம்மாவுக்குக் கல்யாணம் நடந்தது பழனியில். காலையில் முகூர்த்தம், மறுநாள் பஸ்ஸில் கொடைக்கானல். அந்தக் காலத்தில் பாதிப் பேருக்கு அதுதான் பேக்கேஜ். வழியெல்லாம் வாந்தி, மேலே போனால் ஒரே மேகமூட்டம். ஏரிக்கரையில் நின்றுகொண்டு அப்பா "இதுதான் ஏரி" என்று காட்டினாராம், தண்ணியே தெரியவில்லையாம். நல்ல வெயில் நாளாப் பார்த்து மறுபடி கூட்டிட்டு வர்றேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், 2019இல் போய்விட்டார்.

மலையேறும் வழியில் டம்டம் பாறையில் வண்டியை நிறுத்தினோம். எதிரே தலையாறு அருவி, 297 மீட்டர். மே மாதம் என்பதால் மெல்லிய வெள்ளைக் கோடு மாதிரி விழுந்தது. இத்தனை வருஷம் மலை அடிவாரத்திலேயே இருந்துகொண்டு அதைப் பார்த்ததில்லை என்றாள்.

இதெல்லாம் ரொம்ப அழகாக இருந்தது என்று எழுதினால் பொய். முதல் நாள் ராத்திரி கூட்டாளிகள் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருந்தார்கள். சிரிப்புச் சத்தம் ரூம் வரை கேட்டது. அம்மா ரெண்டு கம்பளிக்குள் சுருண்டு, "நீ போ, நான் இருந்துக்குவேன்" என்றாள். நான் போகவில்லை, போகாததற்கு அவள் மேலேயே எரிச்சலும் பட்டேன். காலையில் முகூர்த்தம். பட்டுப்புடவையில் நடுங்கிக்கொண்டிருந்த பொண்ணுக்குத் தன் சால்வையைப் போர்த்திவிட்டது அம்மாதான். கல்யாண ஆல்பத்தில் பாதிப் போட்டோவில் அந்தப் பழுப்புச் சால்வை இருக்கிறது.

ஏரியைப் பார்த்தோம். அம்மா அதிகம் பேசவில்லை. ஒரு முழுச் சுற்று நடந்தாள், அவ்வளவுதான்.

கடைசி நாள் குறிஞ்சி ஆண்டவர் கோயில். அங்கிருந்து பார்த்தால் கீழே பழனி தெரியும் என்பார்கள். அன்றைக்கு நிஜமாகவே தெரிந்தது. தூரத்தில் சின்னதாக ஒரு மேடு. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா இருக்க முடியாமல் நான் குறிஞ்சிப் பூ பற்றி ஆரம்பித்தேன்: பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருதடவை, 2018இல் பூத்தது, இனி 2030.

"அப்ப யாருக்காச்சும் இங்க கல்யாணம் இருக்குமாடா?" என்றாள்.