போர்மாவின் அடித்தட்டு

முழு முந்திரிக்கும் உடைந்த முந்திரிக்கும் ருசியில் வித்தியாசம் கிடையாது. விலையில் உண்டு. ஒரு பவுண்டுக்கு, அதாவது ஏறக்குறைய 454 கிராமுக்கு, 300 முதல் 320 வரை நிற்கும் முழுப் பருப்பை டபிள்யூ 320 என்பார்கள். 240, 210, 180 என்று எண் குறையக் குறையப் பருப்பு பெரிதாகும், விலையும் ஏறும். இரண்டாகப் பிளந்தால் அது கீழ் ரகம். துண்டானால் இன்னும் கீழே. பொடிந்துபோனால் அடிமாட்டு விலைதான். ஓட்டுக்குள் முழுசாக இருந்த பருப்பு டின்னுக்குள்ளும் முழுசாகப் போய்ச் சேர்ந்ததா என்பதில்தான் ஒரு முந்திரி ஆலையின் லாப நட்டம் அடங்கியிருக்கிறது.

குமரி மாவட்டத்தின் மேற்கே, மார்த்தாண்டம், கருங்கல் வட்டாரங்களில் இந்த ஆலைகள் நிறைய. ஊரில் அண்டி ஆபீஸ் என்பார்கள். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம் இங்கே கொல்லாமாவாக வேர்பிடித்தது. தொழிலாக வளர்ந்தது கொல்லத்தில். கேரளத்தில் குறைந்தபட்சக் கூலி உயர்ந்தபோது முதலாளிகள் பலர் எல்லை தாண்டி இங்கே ஆலை போட்டார்கள். இன்று உடைபடும் கொட்டையில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது. உடைப்பவர்களும் தோல் உரிப்பவர்களும் ரகம் பிரிப்பவர்களும் ஏறக்குறைய எல்லோரும் பெண்கள்.

அப்படி ஓர் ஆலையில் மெக்கானிக்கல் முடித்த இளைஞர் ஒருவர் புதிதாகச் சேர்ந்திருந்தார். சிறு ஆலைக்குப் பொறியாளர் வந்தால் என்ன செய்வார் என்று பார்க்கும் ஆவலில் நான் அங்கே போயிருந்தேன். முதலாளி அவருக்குக் கொடுத்திருந்த வேலை ஒன்றுதான்: உடைசல் கூடிக்கொண்டே போகிறது, காரணம் கண்டுபிடிக்க வேண்டும். காரணத்தையும் முதலாளியே சொல்லிவிட்டார். கட்டிங் மெஷின் பழசு. புதுசு வாங்க எவ்வளவு ஆகும் என்று விலை கேட்டு வர வேண்டியதுதான் பாக்கி.

அந்த இளைஞர் விலை கேட்கப் போகவில்லை. கொட்டை வரும் வழியிலேயே நடந்தார். முற்றத்தில் காய்ந்த கொட்டையை அளவுவாரியாகச் சலித்து, கொதிகலன் நீராவியில் வேகவைக்கிறார்கள். அடுத்த நாள் வரை ஆறவிடுகிறார்கள். ஆறும்போது ஓடு விறைத்து, உள்ளே பருப்பு ஓட்டைவிட்டு விலகி நிற்கும். பிறகு காலால் மிதித்து இயக்கும் கத்தியில் ஓட்டைப் பிளந்து பருப்பை எடுக்கிறார்கள். அந்தப் பருப்பு தோலோடு போர்மாவுக்குள் போகிறது. போர்மா என்பது சூடான காற்று ஓடும் அறை. அங்கே தட்டுகளில் அடுக்கி மணிக்கணக்கில் வாட்டி, ஈரத்தை 3 சதவீதம் அளவுக்கு இறக்கினால்தான் தோல் கழன்று வரும். அதன் பிறகு உரிப்பு, ரகம் பிரிப்பு, டின்.

கத்தி மேஜைக்குக் கீழே விழும் பருப்பை அங்கேயே அள்ளி 100 எண்ணிப் பார்த்தார். உடைசல் இருந்தது, ஆனால் முதலாளி கவலைப்பட்ட அளவுக்கு இல்லை. போர்மாவிலிருந்து வந்த பருப்பிலும் அப்படியே. உரிப்புக் கூடத்திலிருந்து வெளியே வருவதை எண்ணியபோதுதான் கணக்கு எகிறியது. இதற்குச் செலவு ஒரு நோட்டும் பேனாவும். புது மெஷின் வாங்கியிருந்தால் அதுவும் அதே உடைசலைத்தான் கொடுத்திருக்கும்.

இனி எளிதில் வந்துவிழும் முடிவு, உரிக்கும் பெண்களின் கை சரியில்லை என்பதுதான். மேற்பார்வையாளர் அதைச் சொல்லவும் செய்தார். இளைஞர் உரிப்புக் கூடத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். நானும் உட்கார்ந்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா, பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துப் பருப்பை ஒரு திருகு திருகினார். தோல் சருகாக உதிர்ந்தது. அடுத்த பருப்பில் தோல் விடவில்லை. சின்னக் கத்தியின் முனையால் சுரண்டினார். வெள்ளைப் பருப்பில் கீறல் விழுந்தது. இன்னொன்று, விரல் பட்டதுமே இரண்டாகப் பிளந்தது. அவர் எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"இது அடித்தட்டுக்க பருப்பு மக்களே. தொட்டாலே பொளந்து போவும். தோலு விடாதது கதவுப் பக்கத்துக்க தட்டு."

"இத யார்ட்டயாவது சொல்லியிருக்கீங்களா அக்கா?"

"கேட்டாத்தானே சொல்லதுக்கு."

மறுநாள் போர்மாத் தட்டுகளுக்குச் சாக்பீஸில் எண் போட்டார்கள். எந்த எண், எந்த வரிசை, மேலா கீழா, கதவை ஒட்டியா உள்ளேயா என்று நோட்டில் குறித்தார்கள். மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் வெப்பமானி தொங்கியது. ஒவ்வொரு தட்டின் பருப்பும் கலக்காமல் தனித்தனியாக உரிப்புக்குப் போனது. கலந்து கிடக்கும் கணக்கை அது வந்த இடத்தின்படி பிரித்துப் பார்ப்பதை, ஜப்பானின் கவோரு இஷிகாவா தரக் கட்டுப்பாட்டின் ஏழு கருவிகளில் ஒன்றாக வைத்தார். அதைப் படித்தவர் அந்த இளைஞர். எந்த இடத்தின்படி பிரிக்க வேண்டும் என்று சொன்னவர் அந்த அக்கா. இரண்டும் சேர்ந்தபோதுதான் விடை கிடைத்தது.

முந்திரி ஓடே எரிபொருளாகும் அடுப்பிலிருந்து வரும் சூட்டுக்குழாய் போர்மாவின் தரையை ஒட்டி ஓடுகிறது. அதன் நேர் மேலே இருக்கும் தட்டுகள் வறண்டு, பருப்பு மொறுமொறுத்துப் போகிறது. கதவு இடுக்கில் காற்று கசிவதால் அந்தப் பக்கம் ஈரம் நிற்கிறது. காயாத பருப்பு சுரண்டலில் கெடுகிறது, காய்ந்து தீய்ந்தது பிடியில் உடைகிறது. வெப்பமானி காட்டியதும் அந்த அக்காவின் விரல் காட்டியதும் ஒன்றாகவே இருந்தன.

தீர்வும் அந்த ஊரிலேயே கிடைத்தது. குழாய்க்கு மேலே ஒரு தகரத் தடுப்பு, மார்த்தாண்டத்துப் பட்டறை ஒன்றில் வளைத்து வாங்கியது. அதை மட்டும் வைத்துச் சில நாள் கணக்கு எடுத்தார்கள். அதன் பிறகு கதவு இடுக்கை அடைத்தார்கள். அதற்கும் பிறகுதான், வாட்டு பாதியில் இருக்கும்போது மேல் தட்டைக் கீழும் கீழ் தட்டை மேலும் மாற்றும் வழக்கம் வந்தது. கடைசியாக, போர்மாவிலிருந்து இறங்கிய பருப்பை உடனே உரிக்காமல், ஈரக்காற்றுள்ள அறையில் சற்று நேரம் விட்டு, லேசாக ஈரம் ஏறியபின் உரிக்கக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்திருந்தால் எது பலித்தது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அடுத்த முறை கோளாறு வரும்போது மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும். உடைசல் இறங்கியது. புது கட்டிங் மெஷின் பேச்சு நின்றது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. உரிப்பு வேலைக்குக் கூலி கிலோ கணக்கில். தோல் விடாத தட்டு ஒருத்திக்கு வந்தால், அன்று முழுவதும் குனிந்து சுரண்டினாலும் எடை ஏறாது, கூலி குறையும். போர்மாவின் கோளாறுக்கு அபராதம் கட்டிக்கொண்டிருந்தது அவர்கள்தான். அதற்கு மேல் கை சரியில்லை என்ற பழியும். சிறு ஆலைகளில் இயந்திரத்தின் குறை கடைசியில் யாருடைய சம்பளத்தில் போய் விழுகிறது என்று பார்ப்பதும் பொறியாளரின் வேலை. கல்லூரியில் அதற்குப் பாடம் இல்லை. உரிப்புக் கூடத்தில் இருக்கிறது.

வியட்நாமில் கொட்டை உடைப்பதும் தோல் உரிப்பதும் பெருமளவு இயந்திரத்துக்கு மாறிவிட்டன. அந்தப் போட்டியைத் தாங்க முடியாமல் கொல்லத்தில் எத்தனையோ ஆலைகள் மூடிவிட்டன. குமரி ஆலைகளுக்கும் இயந்திரம் வரட்டும், வரத்தான் வேண்டும். எந்த இடத்தில் எதற்காக என்று எண்ணிப் பார்த்து வரட்டும். டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ, தரையில் சாக்பீஸ் வட்டம் போட்டு, புதிய பொறியாளரை அதற்குள் நிற்கவைத்து வேலையைப் பார்க்கச் சொல்வாராம். நம்மூர்ப் பொறியாளர் பார்ப்பதோடு நிற்காமல் கேட்கவும் வேண்டும்.

அந்த இளைஞருக்கு அடுத்த வேலை உடைப்பு ஷெட்டில் காத்திருக்கிறது. ஓட்டில் ஊறும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். பெண்கள் கையில் சாம்பலோ தேங்காயெண்ணெயோ பூசிக்கொண்டு வேலை செய்கிறார்கள். கையுறை கொடுத்தால் பிடி வழுக்குகிறது, வேகம் குறைகிறது, கூலியும் குறைகிறது. அதனால் கழற்றி வைத்துவிடுகிறார்கள். பருப்பு உடைவதற்குக் காட்டிய அதே பொறுமையை இதற்கும் காட்ட வேண்டும். எந்த இருக்கையில், எந்தக் கொட்டையில், எந்த விரலில் முதலில் எண்ணெய் படுகிறது என்று குறித்து, எந்த உறை பிடிக்கு ஒத்துவருகிறது என்று அவர்களிடமே கேட்டு, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். நோட்டும் சாக்பீஸும் அவரிடம் ஏற்கெனவே இருக்கின்றன. கேட்டால் சொல்கிறவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள்.