படங்கு அவிழ்க்காம வந்த அக்கா

பதுளை டவுன்ல ஒரு பேனர். உதவி குடுத்தவர் முகம் பெருசா இருக்கு, வாங்குன பிள்ளைங்க முகம் தெரியவே இல்ல.
மனசு கேக்கல.

அதைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது, 2014 ஒக்டோபர் 29, மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவு.
தப்புன சனம் கொஸ்லந்தை, பூணாகலைப் பாடசாலைகள்ல தங்கியிருந்துச்சு.
பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருத்தங்க, கொழுந்து எடுக்கையில இடுப்புல கட்டுற படங்கைக்கூட அவிழ்க்காம, மலையில இருந்து நேரா அரிசிப் பையோட வந்து நின்னாங்க.
அவங்களும் லயத்துலதான் இருக்காங்க!

'ஃபிலாந்த்ரோபி'ங்கிற சொல்லோட கிரேக்க மூலத்துக்கு மனுசர் மேல அன்புன்னுதான் அர்த்தம். காசு அதுல இல்லவே இல்ல.
வள்ளுவரும் ஈகைக்கு முந்தியே, ஊருக்கு உதவுற ஒப்புரவை வச்சிட்டார், 22ஆம் அதிகாரமா.

லயத்துல ஒரு சாவுன்னா, மரண உதவிச் சங்கத்துச் சந்தாக் காசுதான் முதல்ல வந்து நிக்கும். எனக்கு அதுதான் பெரிய கொடை.

உங்க தோட்டத்துல சங்கம் இன்னும் நடக்குதா?